ஒட்டு வீணை வாங்கினால் என்ன? முத்தியால்பேட்டையாருக்கு மறுப்பு

மஞ்சக்குப்பத்தார்:
மகளுக்கு வீணை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று லாஸ்பேட்டை அம்மா கேட்டதற்கு, "கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு ஏகாண்ட வீணையைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள், ஒட்டு வீணையில் நாதமே கிடையாது" என்று முத்தியால்பேட்டையார் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வீணையின் உருண்டைக் குடம், நீண்ட கழுத்தான தண்டி, நுனியிலுள்ள யாளித் தலை மூன்றையும் ஒரே பலாமரத் துண்டில் குடைந்தால் ஏகாண்டம். தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு. முதல் பாடமான சரளி வரிசை வாசிக்கும் சிறுமிக்கு இதனால் என்ன கெட்டுவிடும்? தண்டியின் மேல் மெழுகில் பதித்த 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகளும், சுருதி பிசகாமல் நிற்க வேண்டும். அப்படிப் பதிப்பதுதான் மேளம் கட்டுவது. மேளம் தவறினால் எந்த மரமானாலும் பிள்ளையின் காது கெடும்.

முத்தியால்பேட்டையார்:
ஒட்டு என்றால் ஒட்டுதான். கடற்காற்றில் இணைப்பு விட்டுவிடும். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஏகாண்டம்தான்.

மஞ்சக்குப்பத்தார்:
கடற்காற்றைப் புதுச்சேரிக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்களா? கடலூரிலும் அதே காற்றுதான் ஐயா. மரம் சரியாக உலரவில்லை என்றால் ஏகாண்டமும் வெடிக்கும்.

லாஸ்பேட்டை அம்மா:
என் மகளுக்கு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் கேட்டேன்.

மஞ்சக்குப்பத்தார்:
சொல்கிறேன் அம்மா. ஆசிரியரை உடன் அழைத்துச் செல்லுங்கள். முதல் தந்தியான சாரணியை ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். எங்காவது இரைகிறதா என்று கேளுங்கள். பன்னிரண்டாம் மெட்டில் மேல் ஷட்ஜம், அதாவது மேல் ஸ, துல்லியமாக விழ வேண்டும். தந்தியை முறுக்கும் பிரடை நழுவக் கூடாது. மெழுகில் விரிசலோ தண்டியில் வளைவோ இருந்தால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். இவையெல்லாம் சரியென்றால் ஒட்டு வீணையைத் தயங்காமல் வாங்குங்கள்.

முத்தியால்பேட்டையார்:
தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, ஒட்டு வேலைக்காகவா கொடுத்தார்கள்?

மஞ்சக்குப்பத்தார்:
குறியீடு வந்து மெட்டைச் சரிசெய்யுமா? மேளம் கட்டுபவரின் காதும் கையும்தான் செய்யும். நான் மேளத்தைப் பற்றிப் பேசினால் நீங்கள் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள்.

நெல்லித்தோப்பு மாணவர்:
சிறுமிக்கு வீணை பாரம். வயலின் என்றால் அரை, முக்கால் அளவுகளிலேயே கிடைக்கும்.

முத்தியால்பேட்டையார்:
கேட்டது வீணை. ஐரோப்பிய வாத்தியத்தை யார் கேட்டார்கள்?

நெல்லித்தோப்பு மாணவர்:
கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரே கையிலெடுத்த வாத்தியம் அது. உங்களுக்கு மட்டும் ஆகாதோ?

முத்தியால்பேட்டையார்:
அண்ணன் வாசித்தது வீணை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மஞ்சக்குப்பத்தார்:
தீட்சிதர்களை விடுங்கள். மின்னணு சுருதிப் பெட்டி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உங்கள் குடும்பப் பெருமையைப் பாடினீர்கள். நான் இன்னும் மறக்கவில்லை. உங்கள் ஏகாண்ட வீணைக்கு எப்போது மேளம் கட்டினீர்கள்? பன்னிரண்டாம் மெட்டை மீட்டி ஒலிப்பதிவு செய்து இங்கே போடுங்கள். எல்லோரும் கேட்கட்டும்.

முத்தியால்பேட்டையார்:
என் வீணை சாட்சிக் கூண்டில் ஏறாது. ஒட்டு ஒட்டுதான்.

மஞ்சக்குப்பத்தார்:
மேளம் கட்டி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டேன்.