சாப்டர் 13 நடுவில் 401கே கடன்: எனக்கு நடந்தது

எடிசன் அப்பா:
சாப்டர் 13 என்பது, கோர்ட் ஏற்ற பிளான்படி மாதாமாதம் பணம் கட்டிக் கடனைத் தீர்க்கும் அமெரிக்கத் திவால் வழி. என் 60 மாத பிளானில் அது 27-வது மாதம். ஜனவரிக் குளிரில் வீட்டு ஹீட்டர் நின்றுவிட்டது. கிரெடிட் கார்டு எதுவும் கையில் இருக்காது, அது உங்களுக்கே தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு 401கே கணக்கை, அதாவது வேலையில் சம்பளத்திலிருந்து சேர்க்கும் ஓய்வுக் கணக்கைத் திறந்து, கடன் 7,000 டாலர் என்று போட்டு பட்டனை அழுத்தினேன். என் பணம்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். சில நாளில் வீடு சூடாகிவிட்டது.

மனதை இன்னும் அரிப்பது அப்புறம் வந்த போன். சம்பளச் சீட்டில் அந்தக் கடன் தவணைக்கான புதுப் பிடித்தம் இருப்பதை டிரஸ்டி அலுவலகம் பார்த்துவிட்டது. நாங்கள் கட்டும் மாதப் பணத்தை வாங்கிக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர்தான் டிரஸ்டி. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் லாயர். பக்கத்தில் மகள் வாய்விட்டு வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அனுமதியில்லாமல் கடன் கூடாது என்று எங்கள் பிளானை ஏற்ற உத்தரவிலேயே இருந்ததாம். கேஸைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனு வந்தது. லாயர் பேசித்தான் நின்றது.

ஹூஸ்டன் மீனா:
அண்ணா, நான் கடன் எடுக்கும் முன்பே அனுமதி கேட்டேன். காரில் டிரான்ஸ்மிஷன் போய்விட்டது. மனு போட்டு அனுமதி வர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு தோழி வந்து கூட்டிப்போவாள். ஹாரன் அடிக்க மாட்டாள், விளக்கு வெளிச்சம் மட்டும் ஜன்னலில் விழும். இப்போதும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

சிகாகோ மாமா:
எடிசன் தம்பி, "என் பணம்தானே" என்று நீங்கள் நினைத்தது முழுத் தப்பில்லை. 401கே-யில் இருக்கும் பணத்தில் பொதுவாகக் கடன்காரர்கள் கைவைக்க முடியாது. டிரஸ்டிக்கு உறுத்துவது உங்கள் சம்பளத்தில் குறைகிற தொகை. திவால் மனுவுக்கு முன்பே எடுத்த கடன் என்றால் கதை வேறு. 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தவணையைப் பிளான் மாற்ற முடியாது. ஆனால் அது முடிந்ததும், மிச்சமாகும் பணத்தைப் பிளானுக்குக் கட்டச் சொல்வார்கள். அதனால் கடனுக்குப் போகும் முன், மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று லாயரிடம் கேளுங்கள். வருமானமோ செலவோ மாறினால் பிளானைத் திருத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வேலையையும் யோசியுங்கள். வேலை போனால் கடன் பாக்கியை எடுத்துவிட்ட பணமாகக் கணக்கு வைக்கலாம். வரி தாக்கல் கெடுவுக்குள் அதே தொகையை வேறு ஓய்வுக் கணக்கில் போடாவிட்டால் வருமான வரி, 59½ வயது ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் மேலே 10 சதவீதம்.

எனக்கு நடந்தது அதுதான். 40-வது மாதம் வேலை போயிற்று. 11,000 டாலர் பாக்கி வருமானமாகிவிட்டது. ஏப்ரலில் அந்த வரித் தொகையைப் பார்த்த என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஹூஸ்டன் மீனா:
மாமா, பிளானைத் திருத்தவும் வாரக்கணக்கில் ஆகுமே. குளிரில் குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிக் காத்திருப்பார்? அவசரம் என்று அன்றைக்கே லாயருக்கு ஒரு மெயில் போட்டிருந்தால் போதும். நான் சொல்வது அவ்வளவுதான்.

எடிசன் அப்பா:
மாமா, என் கடன் பிளானுக்கு ஒன்பது மாதம் முன்பே முடிகிறது. அப்போது மாதத் தொகை ஏறுமா என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கே லாயரைக் கூப்பிடுகிறேன்.