கிளேஸ்ல ஊசி ஓட்டை, கைப்பிடிகிட்ட கிளேஸ் விலகுது, உதவி வேணும்

கேள்வி:
வணக்கம். வீட்ல சின்ன எலக்ட்ரிக் கில்ன் (மண்பாண்டம் சுடுற சூளை) வச்சு கப், கிண்ணம் பண்றேன். ஸ்டோன்வேர் மண்ணு, அதாவது அதிக சூட்டுல சுடுற களிமண்ணு. பிஸ்க் (கிளேஸ் பூசுறதுக்கு முன்னாடி சுடுற முதல் தடவை) 950 டிகிரி வேகமா ஏத்திடுவேன், கிளேஸ் (உருகி கண்ணாடி மாதிரி ஆகுற மேல்பூச்சு) கோன் 6 (கோன்னா சூட்டுல வளைஞ்சு அளவு காட்டுற சின்ன கூம்பு), கன்ட்ரோலர்ல 1220 தொட்டதும் ஆஃப் ஆகும். தொறந்து பாத்தா கப்போட வெளிப்பக்கம் பூரா குண்டூசியால குத்துன மாதிரி ஓட்டை, கைப்பிடி சேர்ற மூலைல கிளேஸ் சுருண்டு விலகி மண்ணு தெரியுது. அதே கிளேஸ் டெஸ்ட் டைல்ல நல்லா வருது. கிளேஸ மாத்தணுமா?

பதில் 1:
டைல்ல நல்லா வருதுன்னா கிளேஸ மாத்தாதீங்க, முதல்ல பிஸ்க்க பாருங்க. மண்ணுக்குள்ள இருக்கற கரிச்சத்து 700ல இருந்து 900 வரைக்கும் நிதானமா எரிஞ்சு வெளிய போகணும், வேகமா ஏத்துனா உள்ளயே தங்கிடும், அப்புறம் கிளேஸ் உருகுற நேரத்துல கேஸா கிளம்பி குமிழி விட்டு உடையும், அந்தக் குழி மூடுறதுக்குள்ள நீங்க கில்ன ஆஃப் பண்ணிடுறீங்க. டைல் மெல்லிசு, அதனால தப்பிச்சுடுது. பிஸ்க்க 1000 வரை கொண்டு போங்க, 700-900 நடுவுல மணிக்கு 60, 70 டிகிரிக்கு மேல வேணாம், கில்ன் மேல இருக்கற ஓட்டையோட மூடிய கழட்டி வைங்க. கிளேஸ் ஃபயரிங்ல உச்சில ஒரு 10 நிமிஷம் நிறுத்தி, 50 டிகிரி இறக்கி அங்க அரை மணி நேரம் புடிங்க.

பதில் 2:
விலகுறது தனி பிரச்சனை. பிஸ்க் பண்ணுன கப் மேல தூசி, கை எண்ணெய், இல்லன்னா மூலைல கிளேஸ் தேங்கி தடிமனா நிக்கறது. ஈர ஸ்பாஞ்சால தொடச்சு, நல்லா காயவச்சு கிளேஸ்ல முக்குங்க, மூணு செகண்ட் போதும். காஞ்சதும் ஊசியால கீறிப் பாருங்க, ஒரு மில்லிமீட்டருக்கு மேல இருந்தா அதிகம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. மூலைல காயும்போதே மயிரிழை மாதிரி கோடு விழுது, உருகும்போது சேந்துக்காதா?

பதில் 2:
சேராதுங்க. உருகுன கிளேஸ் தன்னைத்தானே இழுத்துக்கும், கோடு இருந்தா அந்த இடத்துலயே பிரிஞ்சு ரெண்டு பக்கமும் சுருளும். சின்ன கோடுன்னா விரலால தேச்சு மூடுங்க, பெருசுன்னா மொத்தமா கழுவி காயவச்சு மறுபடி முக்குங்க.

பதில் 1:
இன்னொண்ணு, கன்ட்ரோலர் நம்பர மட்டும் நம்பாதீங்க. கோன் 6ங்கறது வெறும் டெம்பரேச்சர் இல்ல, எவ்வளவு நேரம் சூட்டுல இருந்துச்சுங்கறதும் சேந்தது. கடைசில மணிக்கு 60 டிகிரி ஏறுனா அந்த கோன் 1222ல வளைஞ்சு படியும், 150 ஏறுனா 1243 ஆகும். நீங்க வேகமா ஏத்தி 1220ல நிறுத்துனா கோன் 6ஏ வந்திருக்காது. ஒவ்வொரு தட்டுலயும் 5, 6, 7 மூணு கோன் வரிசையா வைங்க, கில்ன் ஆறுனதும் எது படிஞ்சிருக்குன்னு பாத்தா மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்கும் உள்ள வித்தியாசம் கூட தெரிஞ்சுடும்.

மூணாவது ஆள்:
நான் குயவர் வீட்ல வாங்குன ஏரி மண்ணுல பண்றேன், இதே கணக்கு ஓகேவா?

பதில் 1:
ஐயோ வேணாங்க! அந்த செம்மண்ணுல இரும்பு ஜாஸ்தி, 1220 போனா பொங்கி உருகி ஷெல்ஃபோட ஒட்டிக்கும். 1000, 1050க்குள்ள உருகுற ஈயம் இல்லாத கிளேஸ் வாங்குங்க, முதல்ல ஒரு சின்ன துண்டு மட்டும், அடியில பழைய ஓடு ஒண்ணு போட்டு வச்சு பாருங்க.