பால்டரை கொன்னது லோகிதானா? ஸ்னோரிய எவ்வளவு தூரம் நம்பலாம்?

வடகாத்து:
நார்ஸ் கதை, அதாவது வட ஐரோப்பாவோட பழைய தெய்வக் கதைகள படிக்கிற எல்லாரும் சூழ்ச்சிக்கார லோகிதான் வில்லன்னு எடுத்த எடுப்புலயே முடிவு பண்ணிடுறாங்க, என்னால ஒத்துக்க முடியல. பால்டர்ங்கிற தெய்வத்தோட சாவு நமக்கு முழுக்கதையா கிடைக்கிறது ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டர்லுசனோட எட்டாங்கிற நூல்லதான், அத அவர் எழுதுனது 1220 வாக்குல, ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி அப்பவே இருநூறு வருஷம் தாண்டிடுச்சு. குருட்டு தெய்வம் ஹோட் கையில புல்லுருவிக் குச்சிய குடுத்து பால்டர் மேல எறிய வெச்சது லோகின்னு அவர் சொல்றாரு. டென்மார்க்ல சாக்ஸோங்கிற வரலாற்று ஆசிரியர் கிட்டத்தட்ட அதே காலத்துல எழுதுனதுல லோகியே கிடையாது, நன்னாங்கிற பொண்ணுக்காக ஹோடும் பால்டரும் சண்டை போட்டு வாளால குத்துப்பட்டு பால்டர் சாகுறான், அவ்வளவுதான்.

கருங்காக்கை:
சாக்ஸோவ சாட்சிக்கு கூப்பிடாதீங்க ப்ரோ. அவரும் கிறிஸ்தவர்தான், போதாததுக்கு தெய்வங்களையெல்லாம் பழங்கால மனுஷங்களா மாத்தி எழுதுனவர். ஸ்னோரிய சந்தேகப்படுறவங்க இவர மட்டும் எப்படி நம்புறீங்க? லோகசென்னா பாட்ட படிங்க. ஈகிர்ங்கிற கடல் ராட்சசன் குடுத்த விருந்துல லோகி ஒவ்வொரு தெய்வத்தையா திட்டிட்டு வர்றான், பால்டரோட அம்மா ஃப்ரிக் முறை வந்ததும் பால்டர் மாதிரி ஒரு பையன் எனக்கு இங்க இருந்திருந்தா நீ தப்பிச்சு போயிருக்க மாட்டேன்னு சொல்றா, அதுக்கு அவன், பால்டர் இனிமே குதிரை ஏறி வர்றத நீ பாக்கப்போறதில்ல, அதுக்கு காரணமே நான்தான்னு பெத்தவ மூஞ்சிக்கு நேரா சொல்றான். அந்த பாட்டு ஸ்னோரி எழுதுனது இல்லையே!

வடகாத்து:
அந்த பாட்டு எவ்வளவு பழசுன்னே ஆராய்ச்சியாளருங்க நடுவுல இன்னும் சண்டை ஓயல, நம்ம கைக்கு வந்த ஏடு 1270 வாக்குல படியெடுத்தது. அதே ஏட்டோட பாட்டுகளோட சேர்த்து பதிப்பிக்கிற பால்டரின் கனவுகள் பாட்டுல தெய்வங்களோட தலைவன் ஓடின் செத்துப்போன குறிசொல்றவள எழுப்பி யார் கொல்லுவான்னு கேக்குறான், அவ ஹோட்னு மட்டும்தான் சொல்றா. இன்னொன்னு, லோகசென்னா முடிவுல வர்ற உரைநடைய பாருங்க, விருந்துல திட்டுனதுக்கு அப்புறம்தான் லோகிய பிடிச்சு மகனோட குடலால கட்டுறாங்க. பால்டர் சாவுக்கான தண்டனைதான் இதுன்னு தெளிவா சொல்றது ஸ்னோரி.

மழைப்பாறை:
நான் வேற பக்கத்துல இருந்து வர்றேன். இங்கிலாந்துல கம்ப்ரியா பக்கம் காஸ்ஃபோர்த்துனு ஒரு ஊரு, அங்க சர்ச் வளாகத்துல 10ஆம் நூற்றாண்டு கல்லு சிலுவை நிக்குது. அதுல கட்டிப்போட்ட ஒரு ஆளு, பக்கத்துல கிண்ணம் ஏந்துன பொண்ணு. பாம்பு விஷம் புருஷன் லோகி முகத்துல விழாம பிடிச்சுக்கிட்டிருக்கிற சிகின்தான் அதுன்னு பெரும்பாலும் சொல்றாங்க. அப்போ தண்டனைக் கதை ஸ்னோரிக்கு ரொம்ப முன்னாடியே கடல் தாண்டி போயிருக்கு.

கருங்காக்கை:
அதேதான்! வோலுஸ்பாவயும் சேத்துக்கோங்க, 1000 வாக்குல பாடினதுன்னு பல பேர் சொல்ற பாட்டு. பால்டர் சாவு, ஃப்ரிக் அழுறது, உடனே கட்டுண்ட லோகியும் சிகினும். இந்த வரிசை சும்மா அமைஞ்சதா?

வடகாத்து:
தண்டனை பழசுதான், அத ஒத்துக்கிறேன், வோலுஸ்பா வரிசை எனக்கும் இடிக்குது. ஆனா தோக்குங்கிற கிழவி விஷயம்? உலகமே அழுதா பால்டர திருப்பி அனுப்புறேன்னு செத்தவங்க உலகத்த ஆளுற ஹெல் சொல்லியும் அவ ஒருத்தி அழமாட்டேங்கிறா, அவதான் மாறுவேஷத்துல லோகின்னு எல்லாரும் அடிச்சு சொல்றோம். ஸ்னோரி எழுதினது, அது லோகியா இருக்கும்னு ஜனங்க ஊகிக்கிறாங்கன்னுதான். அந்த வரிய திரும்ப படிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.