மென்காற்றில் விங் ஃபாயிலிங்: முன் இறக்கையின் அளவு குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். 8 முதல் 12 நாட் (மணிக்கு கடல் மைல்) வரையிலான காற்றில் விங் ஃபாயிலிங் (கையில் பிடித்த விங் காற்றால் இழுக்க, நீருக்கடியிலுள்ள இறக்கைகள் பலகையை நீருக்கு மேலே தூக்கிச் செல்லும் விளையாட்டு) செய்ய ஏற்ற முன் இறக்கையைத் (நீருக்கடியில் தூக்கு விசை தரும் முதன்மை இறக்கை) தேர்ந்தெடுக்க உங்கள் உதவியை நாடுகிறேன். என் எடை 80 கிலோ. பலகை 105 லிட்டர், கையில் பிடிக்கும் விங் 6 சதுர மீட்டர், இப்போதைய முன் இறக்கை 1250 சதுர சென்டிமீட்டர்.

தூக்கு விசை பரப்பளவுக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் இருப்பதால், இதே வடிவத்தில் 1800க்கு மாறினால் நீரைவிட்டு எழும்பத் தேவையான வேகம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். எனினும், காற்று தணியும் இடைவெளிகளில் வேகத்தை எளிதில் இழக்காமல் வழுக்கிச் செல்லும் நீண்டு குறுகிய இறக்கையே என்னை ஈர்க்கிறது. அது திரும்புவதில் சற்று மந்தமாக இருப்பதை ஏற்கத் தயார்.

ஏறக்குறைய என் எடையுள்ளவர்கள், அவ்வடிவில் 1500 அளவே 10 நாட் காற்றில் எழும்பப் போதுமானதா, பின் இறக்கையையும் மாற்ற வேண்டியிருந்ததா என்று தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.