தினமும் ஷட் டவுன் செய்தும் அப்டைம் (கணினி தொடர்ந்து ஓடிய நேரம்) பல நாள் காட்டுகிறதே?

கேள்வி (மாடிவீட்டுக் கணினி):
அப்பாவின் டெஸ்க்டாப், விண்டோஸ் 10. ராத்திரி ஷட் டவுன் செய்து சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுவார். ஆனால் டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் அப்டைம் பல நாள் காட்டுகிறது. பிரிண்டர் அடிக்கடி மக்கர் செய்கிறது, ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் சரியாகிறது. கரண்டே இல்லாமல் எப்படி ஓடும்?

பதில் (பழைய மதர்போர்டு):
ஓடவில்லை சார். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் செய்யும் வேலை இது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும். கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் (பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் மென்பொருள்) இருந்த நிலை அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். பிரிண்டர் டிரைவர் குழம்பியிருந்தால் அந்தக் குழப்பமும் கூடவே வரும். ரீஸ்டார்ட்டில் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பெயர்தான் தலைகீழ்!

ஒரு தடவைக்கு என்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுனை கிளிக் செய்யுங்கள். நிரந்தரமாக என்றால் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடப்பக்கம் பவர் பட்டன் பற்றிய வரி. உள்ளே போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுங்கள். டிக் மங்கலாக இருந்தால் மேலே நீல எழுத்தில் ஒரு வரி இருக்கும், முதலில் அதை கிளிக் செய்யுங்கள்.

பதில் (டக்ஸ் ரசிகன்):
அதே கணினியில் கூடவே லினக்ஸ் (இன்னொரு இயங்குதளம்) வைத்திருந்தால் அந்த டிக்கைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் (டிஸ்கில் விண்டோஸ் இருக்கும் பகுதி) எழுதவே விடாது.

மாடிவீட்டுக் கணினி:
எடுத்துவிட்டேன். ஹார்டு டிஸ்க் என்பதால் ஆன் ஆக நேரமாகிறது, அப்பா முணுமுணுக்கிறார். எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) வாங்கித் தர வேண்டியதுதான்.