வேவ் கோப்பை எம்பி3 ஆக்கி, மீண்டும் வேவ் ஆக்கினால் பழைய ஒலி திரும்புமா?

கேசட்பெட்டி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் என் தந்தையார் பதிவு செய்து வைத்த நாகஸ்வரக் கச்சேரிக் கேசட்டுகளை, டேப் டெக்கைக் கணினியுடன் இணைத்து, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்புகளாக மாற்றி வருகிறேன். 90 நிமிடக் கேசட் ஒன்றுக்கு ஏறத்தாழ 950 எம்பி ஆகிவிடுவதால் ஹார்ட் டிஸ்க் நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் 320 கிலோபிட் எம்பி3 ஆக்கி வைத்துக்கொண்டு, இரைச்சல் நீக்கும் வேலையைத் தொடங்கும்போது வேவாக மாற்றிக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் இப்போதிருக்கும் ஒலியே திரும்பக் கிடைக்குமா? ஃபிளாக் என்ற வடிவமும் கோப்பைச் சுருக்குகிறது என்றால், அதிலும் ஏதோ ஒன்று போய்த்தானே ஆக வேண்டும்?

ஒலித்தச்சன்:

திரும்பக் கிடைக்காது, ஐயா. உங்கள் வேவ் கோப்பில் நொடிக்கு 44,100 மாதிரிகள் (அந்தந்தக் கணத்து ஒலியின் அளவைக் குறிக்கும் எண்கள்) வீதம், ஒவ்வொன்றும் 16 பிட்டாக, இரண்டு சேனல்களுக்கும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. கணக்கிட்டால் நொடிக்கு 1411 கிலோபிட் வரும். அதை 320க்குள் அடக்க வேண்டுமானால், உரத்த ஓர் ஓசையின் அருகே ஒலிக்கும் மெல்லிய ஓசையைக் காது கவனிக்காது என்ற கணிப்பின்படி, எம்பி3 குறியாக்கி பலவற்றைத் துல்லியம் குறைத்து எழுதுகிறது, சிலவற்றை விட்டே விடுகிறது. மீண்டும் வேவாக மாற்றும்போது கோப்பின் அளவு பழையபடி 950 எம்பிக்கு வந்துவிடும், விடுபட்டவை வராது.

ஃபிளாக்கின் வழி முற்றிலும் வேறு. முந்தைய மாதிரிகளைக் கொண்டு அடுத்த மாதிரி என்ன மதிப்பில் இருக்கும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் உண்மை மதிப்புக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் அது எழுதி வைக்கிறது. அந்த வேறுபாடு பெரும்பாலும் சிறிய எண்ணாக இருப்பதால் குறைந்த பிட்டுகளே போதும். திறக்கும்போது அதே ஊகத்தைச் செய்து வேறுபாட்டைக் கூட்டினால் ஒரு பிட் கூட மாறாமல் பழைய எண்கள் வந்துவிடுகின்றன. ஆனால் கேசட்டின் சீறலொலியை எந்தக் கணக்காலும் ஊகிக்க முடியாது. ஆகையால் குறுந்தட்டுப் பாடல்கள் சுருங்கும் அளவுக்கு உங்கள் கோப்புகள் சுருங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஃபிளாக்கில் 0 முதல் 8 வரையிலான சுருக்க நிலைகளில் எதைத் தேர்ந்தாலும் ஒலி ஒன்றுதான். கோப்பின் அளவும் குறியாக்க நேரமும் மட்டுமே மாறும்.

திண்ணைக்காரர்:

மேலே உள்ள விளக்கம் சரியானதே என்றாலும், கேட்டு மகிழ்வதற்கு மட்டும் என்றால் கேசட்டிலிருந்து வந்த ஒலிக்கு 320 கிலோபிட் எம்பி3 தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. இரண்டையும் மறைத்து வைத்துக் கேட்கச் சொன்னால், வேறுபாட்டைக் கண்டுபிடிப்பவர் அரிது. கேசட்பெட்டி அவர்களுக்குச் சிக்கல் வரப்போவது இரைச்சல் நீக்கும் இடத்தில்தான். அந்த வேலைக்கு, வாசிப்பு இல்லாத ஓரிடத்துச் சீறலை மாதிரியாக எடுத்து, கோப்பு முழுவதிலும் அதைக் கழிப்பார்கள். எம்பி3 அந்தச் சீறலை ஒவ்வொரு கணமும் வெவ்வேறு விதமாக வெட்டியிருக்கும் என்பதால் எடுத்த மாதிரி மற்ற இடங்களுக்குப் பொருந்தாமல், நீர் குமிழியிடுவது போன்ற ஓசை மிஞ்சும். பிட் வீதம் குறையக் குறைய, தவிலின் அடி விழுவதற்குச் சற்று முன்பே அதன் மங்கிய சாயல் கேட்கத் தொடங்குவதும் உண்டு. மூலத்தை ஃபிளாக்கில் வைத்து, உறவினர்களுக்கு அனுப்ப அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள்.

கேசட்பெட்டி:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு ஐயம். உறவினர் ஒருவர் கொடுத்த சில வேவ் கோப்புகள் ஏற்கெனவே எம்பி3 வழியாக வந்தவையோ என்று தோன்றுகிறது. கண்டறிய வழி உண்டா?

ஒலித்தச்சன்:

ஆடாசிட்டி என்னும் ஒலித் திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். கேசட்டிலிருந்து நேராக வந்த கோப்பில், இசை 12 அல்லது 15 கிலோஹெர்ட்ஸில் தேய்ந்துவிட்டாலும் சீறல் மட்டும் மேலே படிப்படியாக மங்கிக்கொண்டு போகும். 128 கிலோபிட் எம்பி3 வழியாக வந்திருந்தால், பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் எல்லாம் நின்றுவிடும். இதை மட்டும் கொண்டு உறவினரைக் குற்றம் சொல்லிவிட வேண்டாம். 32 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் பதிவு செய்த கோப்பும் அதே இடத்தில்தான் நிற்கும். 320 கிலோபிட்டில் வெட்டு 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் விழுவதால், கேசட் ஒலியில் அதைக் கண்ணால் பிடிப்பது கடினம்.

மாற்றும் வேலையை ஆடாசிட்டியில் செய்யாமல் ஃபிளாக்கின் சொந்தக் கருவியிலேயே செய்யுங்கள். ஆடாசிட்டி ஏற்றுமதியின்போது டிதர் என்னும் மெல்லிய இரைச்சலைச் சேர்க்கக்கூடும் என்பதால், நீங்கள் எதையும் திருத்தாவிட்டாலும் பிட்டுகள் மாறிவிடலாம். மூல ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் ஃபிளாக் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். மாற்றி முடித்ததும் அக்கருவியின் சோதனைக் கட்டளையை ஓட்டி, பிழை எதுவும் காட்டாத பிறகே வேவ் கோப்பை அழியுங்கள்.

திண்ணைக்காரர்:

இடம் மிச்சமாகும் என்று இரண்டு சேனல்களையும் கூட்டி மோனோ ஆக்கிவிடாதீர்கள். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட் சற்றே சாய்ந்திருந்தாலும் இரு சேனல்களுக்கும் இடையே நுண்ணிய நேர வேறுபாடு இருக்கும். கூட்டினால் உயர் அதிர்வெண் ஒலிகள் ஒன்றையொன்று அழித்து, தாளத்தின் ஓசை மழுங்கிப்போகும். மூலப் பதிவே மோனோ என்று உறுதியாகத் தெரிந்தால், தெளிவாக இருக்கும் ஒரு சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.