ஃபியூவல்: அத்தனை பெரிய மேப் எதற்கு?

புழுதிக்காடன்:
ஃபியூவல் என்ற வண்டிப் பந்தய கேமைப் பற்றி யார் பேசினாலும் கின்னஸ் சாதனையில்தான் ஆரம்பிக்கிறார்கள். 2009-இல் அசோபோ ஸ்டுடியோ செய்து கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்டது. 14,400 சதுர கிலோமீட்டர் மேப், கன்சோல் கேம்களில் அன்றைக்கு அதுதான் பெரியது. அந்த அளவே கேமைக் கெடுத்தது என்பது என் கட்சி. கணக்குப் போடுங்கள். சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 120 கிலோமீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டரில் எங்குமே நிற்காமல் ஓட்டினாலும் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு 48 நிமிடம். வழியில் கிடைப்பவை எரிபொருள் பீப்பாய்கள், கைவிட்ட கார்கள், அங்கங்கே ஒரு காட்சிமுனை. பருவநிலை குலைந்து ஊரே அழிந்துவிட்டது, எரிபொருளுக்காகத்தான் பந்தயம் என்று கதை. ஆனால் வண்டியின் டேங்க் குறைவதே இல்லை! எரிபொருள் இங்கே வண்டி வாங்கும் காசு மட்டும்தான்.

பக்கத்தில் மோட்டார்ஸ்டார்ம் அபோகலிப்ஸ் என்ற இன்னொரு பந்தய கேமை வையுங்கள். 2011, எவல்யூஷன் ஸ்டுடியோஸ், பிளேஸ்டேஷன் 3. ஒரே ஒரு நகரம். முந்தின லேப்பில் ஓட்டிய ரோடு அடுத்த லேப்பில் இடிந்து கிடக்கும். கூடுதல் வேகம் தரும் பூஸ்ட்டை அழுத்திக்கொண்டே இருந்தால் எஞ்சின் சூடேறி வெடிக்கும். வண்டி அந்தரத்தில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் சூடு இறங்கும். ஒவ்வொரு தாவலிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அழிவு அங்கே ஓட்டத்துக்குள் வந்துவிட்டது. ஃபியூவலில் அது பின்னால் தொங்கும் திரை.

சரிவுப்பாதை:
48 நிமிடக் கணக்கு சரி, ஆனால் பந்தயம் கரைக்குக் கரை நடப்பதில்லை. செக்பாயிண்ட் பந்தயத்தை எடுங்கள், அதாவது குறித்த இடங்களை வரிசையாகத் தொட்டுப் போவது. இரண்டு செக்பாயிண்டுக்கு நடுவில் எப்படிப் போகவேண்டும் என்று கேம் கட்டாயப்படுத்தாது. ஜிபிஎஸ் அம்புக்குறி ரோட்டையும் மண்பாதையையும் பிடித்துக்கொண்டு போகும், மலை வந்தால் சுற்றும். சுற்றுவழி 3 கிலோமீட்டர் என்று வையுங்கள், மணிக்கு 160-இல் சுமார் 67 வினாடி. குறுக்கே ஏறி இறங்கினால் 1.6 கிலோமீட்டர், 90-இல் 64 வினாடி. லாபம் 3 வினாடி. ஒருமுறை விழுந்து ரீசெட் ஆனால் அதுவும் போச்சு. அப்படியென்றால் ஏறலாமா கூடாதா? நான் சொல்லும் முடிவு இதுதான். மேப் பெரிதாக, எல்லாப் பக்கமும் திறந்து கிடந்தால்தான் இந்தக் கேள்வியே பிறக்கும்.

வண்டித் தேர்வும் இதில் அடக்கம். ஒவ்வொரு வண்டிக்கும் தார்ரோட்டு மதிப்பு, மண்ரோட்டு மதிப்பு என்று தனித்தனியாகக் காட்டும். மசில் காரை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினால் பின்சக்கரம் சும்மா சுழலும். செங்குத்தான ஏற்றத்துக்கு பைக்கை எடுங்கள், கரடுமுரடு அதிகமென்றால் குவாட் என்ற நாலு சக்கர பைக். பெரும்பாலோர் கோட்டை விடுவது முகட்டில்தான். ஏறும்போது முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கலாம். முகடு வருவதற்கு இரண்டு வண்டி நீளம் இருக்கும்போதே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் வண்டி கிளம்பிவிடும். அந்தரத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஹேண்டிலும் கேட்காது, மறுபக்கத்து மரம்தான் நிறுத்தும்.

மோட்டார்ஸ்டார்மில் பாலம் இடிவது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எழுதிவைத்த நேரத்தில், எழுதிவைத்த இடத்தில் இடிகிறது. ஐந்தாவது தடவை ஓட்டும்போது அது மனப்பாடம்.

கியர்_நாலு:
நீங்கள் இருவரும் மேப்பிலேயே நிற்கிறீர்கள். கோளாறு கேமே ஓட்டும் எதிராளி வண்டிகளில் இருக்கிறது. தொடக்கத்தில் முதல் வண்டி கண்ணுக்கு எட்டாத தூரம் பறக்கும், முடிவு நெருங்க நெருங்க வேகம் குறைந்து நமக்காகக் காத்திருப்பது போல வரும். இதனால் சரிவுப்பாதை சொன்ன அந்த 3 வினாடிக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. நடுவழியில் குறுக்கே பாய்ந்து சம்பாதித்த நேரத்தை எதிராளியின் வேகம் ஈடுகட்டிவிடுகிறது. கடைசி இரண்டு செக்பாயிண்டில் விழாமல் இருந்தாலே போதும்.

இன்னொன்று, வேக உணர்வு. 150-இல் போனாலும் 60 மாதிரிதான் தெரிகிறது என்று குறை சொல்வார்கள். காரணம் திறந்த வெளிதான். கண் வேகத்தை அளப்பது பக்கத்தில் ஓடிமறையும் பொருட்களை வைத்து. கேமரா உயரத்தில் இருந்து, சுற்றிலும் வெட்டவெளியாக இருந்தால் ஓடிமறைய ஒன்றும் இல்லை. வண்டியின் முன்பக்கத்திலிருந்து தாழப் பார்க்கும் பம்பர் கேமராவுக்கு மாற்றுங்கள், தரை கிட்டே வந்ததும் பாதிக் குறை தீரும். காட்டுப் பகுதியில் வேகம் நன்றாகத் தெரிவதும், உப்புவெளியில் தெரியாமல் போவதும் இதனால்தான்.

புழுதிக்காடன்:
கியர்_நாலு, நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம். இத்தனை பெரிய மேப்பில் எதிராளி தானாக வழி யோசித்து ஓட்டுவது கடினம். அதனால் அவர்களைக் குறித்த பாதையில் ஓடவிட்டு வேகத்தைக் கூட்டிக் குறைத்து சமாளித்திருக்கிறார்கள். அளவுக்குக் கொடுத்த விலை அது. மேப்பில் உள்ள 19 பகுதிகளுக்குப் பதில் நாலே நாலு இருந்திருந்தால் எதிராளியைச் சீர்படுத்த நேரம் கிடைத்திருக்கும்.

டிஸ்க்_பெட்டி:
விவாதம் நடக்கட்டும், ஓட்டிப்பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் இன்று புதிதாக வாங்க முடியாது, பழைய டிவிடிதான் வழி. பிசி பதிப்பு கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் என்ற மைக்ரோசாஃப்டின் பழைய கேம் சேவையை நம்பியிருக்கிறது. புது விண்டோஸில் டிஸ்க்கோடு வரும் பழைய லைவ் இன்ஸ்டாலர் பாதியில் நிற்கும், கேமைத் திறந்தால் அந்தச் சேவையின் எக்ஸ்லைவ் டிஎல்எல் கோப்பு இல்லை என்று பிழை வரும். லைவ் கிளையண்டின் கடைசிப் பதிப்பைத் தனியாக நிறுவிய பிறகு கேமைத் திறங்கள்.

அடுத்த சிக்கல் சேவ். லைவ் புரொஃபைலில் நுழையாமல் ஓட்டினால் முன்னேற்றம் பதியாது. கேமுக்குள் ஹோம் பட்டனை அழுத்தி, புதிய புரொஃபைல் உருவாக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு விளக்கம் வரும். அதைக் கடைசிவரை கீழே உருட்டினால் ஆன்லைன் கணக்கு கேட்காத லோக்கல் புரொஃபைலுக்கான இணைப்பு இருக்கும். பலர் மேலேயே நின்று ஆன்லைன் கணக்கு கேட்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். சேவ் அந்தப் புரொஃபைலோடு பிணைந்தது, அதனால் புரொஃபைலை அழித்துவிட்டு அதே பெயரில் இன்னொன்று செய்தால் பழைய சேவ் திறக்காது. கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்த ரீஃபியூவல்டு மாட் போடுவதானால் மூலக் கோப்புறையை முதலில் நகலெடுத்து வையுங்கள்.

சரிவுப்பாதை:
எதிராளி விஷயத்தில் கியர்_நாலு சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நாலு பகுதி போதும் என்பதை ஏற்க முடியாது. லோடிங் திரையே இல்லாமல் ஒரு டிவிடிக்குள் இருந்து இத்தனை நிலத்தையும் ஓட ஓடக் கொண்டுவந்து போடுவதுதான் அசோபோவின் கைவேலை. பிற்பாடு 2020-இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரைச் செய்ததும் இதே போர்தோ நகரத்து ஸ்டுடியோதான். நிலத்தைச் சுருக்கினால் இந்த கேமில் தனியாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

அழிவு பின்னால் தொங்கும் திரை என்றீர்கள். மோட்டார்ஸ்டார்ம் பேரிடர் நடக்கும் நிமிடத்தைக் காட்டுகிறது. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு ஜப்பானில் அதன் வெளியீட்டையே கைவிட்டார்கள், அவ்வளவு அருகில் அது போய்விட்டது. ஃபியூவல் காட்டுவது எல்லாம் ஓய்ந்த பிறகான அமைதியை. முதல் பகுதியான சுனாமி ரீஃபில் ஆளற்ற ரோட்டில் இரவில் வண்டியை நிறுத்தி ஹெட்லைட் வெளிச்சம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அந்த இருட்டுக்கு அப்பாலும் போகலாம் என்பது தெரிவதால்தான் அது பயமுறுத்துகிறது.

புழுதிக்காடன்:
நின்று பார்க்க நன்றாக இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. என் கேள்வி ஓட்டத்தைப் பற்றியது. எதிராளியே இல்லாமல் அந்தக் குறுக்குவழிக் கணக்கு நிற்குமா?

சரிவுப்பாதை:
நிற்கும். கேமுக்குள் சொந்தப் பந்தயம் அமைக்கும் ரேஸ் எடிட்டரைத் திறங்கள். மலை ஒன்று நடுவில் வரும்படி செக்பாயிண்டுகளை 2 கிலோமீட்டருக்குக் குறையாத இடைவெளியில் வையுங்கள், மொத்தம் 6 போதும். நெருக்கி வைத்தால் வழி ஒன்றுதான் மிஞ்சும். தெரிந்த ஒருவருக்கு பைக், உங்களுக்கு தார்ரோட்டு கார். அவர் மலைமேல், நீங்கள் ரோட்டில். எதிராளி மனிதனாக இருந்தால் யாரும் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்க மாட்டார்கள்.

புழுதிக்காடன்:
அந்த அமைப்பு நியாயமானது. ஆனால் செக்பாயிண்டை நாம் வைத்து, எதிராளியையும் நாமே கூட்டிவந்தால்தான் கேம் உயிர்பெறும் என்றால், ஸ்டுடியோ அந்த 19 பகுதிகளில் செய்யாமல் விட்டது என்ன என்பதும் அதிலேயே தெரிகிறது. 6 செக்பாயிண்ட், நடுவில் மலை, இடைவெளி 2 கிலோமீட்டர். கார் என்னுடையது.